கடலுக்குச் சென்ற செய்தி

செஞ்சிக் கோட்டையைக் காணாதவரும் அதன் பெயரைக் கேட்டிருப்பர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதில்களால் பிணைத்து அமைத்த அரண் அது. 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. மொகலாயப் படை 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுற்றது. அத்தனை ஆண்டுகள் கோட்டைக்குள் இருந்தோர்க்கு உணவும் நீரும் எவ்வளவு தேவையோ, வெளியிலிருந்து வரும் செய்தியும் அவ்வளவு தேவையாக இருந்திருக்கும். பகைவன் எங்கே இருக்கின்றான் என்பதை அறியாதவனுக்கு மதிலின் உயரம் முழுப் பயன் தருவதில்லை அன்றோ?

செய்தியின்றித் தவிப்போர் கோட்டைக் காவலர் மட்டுமல்லர். செஞ்சி மலைப் பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியே பாய்ந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. அதனைச் செஞ்சியாறு என்றே பலரும் வழங்குவர். அது கிளைத்துக் கடல் புகும் இடங்களை அடுத்து வீராம்பட்டினம், நல்லவாடு என்னும் மீனவர் ஊர்கள் உள்ளன. அங்கு வாழும் பரதவர்க்கு மதில் இல்லை, அலையே எல்லை. விடியுமுன் படகைத் தள்ளுபவர், நண்பகலில் கடல் எவ்வாறு மாறும் என்பதை எங்ஙனம் அறிவர்? காற்றின் திசையையும், நீவாடு என்று அவர்கள் கூறும் நீரோட்டத்தையும் கண்டு கணிப்பர். அக்கணிப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்த்த நாளில் படகு திரும்புவதில்லை.

1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் ஊரக அறிவு மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூர் அவற்றின் நடுவிடமாயிற்று. இடத்தை ஊரார் தருதல் வேண்டும். அது சாதி வேறுபாடின்றி யாவரும் புகத்தக்க பொதுவிடமாக இருத்தல் வேண்டும். இவையே நிறுவனம் விதித்த நிபந்தனைகள். கணிப்பொறியைக் கொடுப்பதினும் இந்நிபந்தனையை நிறைவேற்றுவது அரிதாயிருந்திருக்கும். மையத்தைக் கவனித்தவர்கள் அவ்வவ்வூர்த் தொண்டர்களே. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். மின்சாரம் அடிக்கடி நின்றமையால் கதிரவன் ஒளியிலிருந்து பெறும் மின்னாற்றலும் துணைக்கு வைக்கப்பட்டது. தொலைபேசி இணைப்பு கிட்டாத இடங்களில் வானொலி அலைகள் செய்தியைச் சுமந்தன.

வீராம்பட்டினத்தார் வேண்டியது யாது? அலை எவ்வளவு உயரம் எழும் என்னும் ஒரு செய்தி. அமெரிக்கக் கடற்படை தன் இணையத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயரத்தை முன்கூட்டியே வெளியிட்டு வந்தது. போர்க்கப்பல்களுக்கென அமைந்த அக்கணிப்பு வில்லியனூரில் எடுக்கப்பட்டுத் தமிழாக்கப்பட்டு வீராம்பட்டினம் சென்றது. அங்கே ஒலிபெருக்கி அதனைக் கரை முழுதும் கூறியது. எழுத்தறியாதவரும் வலை சீர்செய்துகொண்டே அதைக் கேட்கலாம். அரசின் உதவித் திட்டங்களைப் பற்றிய செய்திகளும் மையங்களிற் கிடைத்தன. தமக்கு உரியது யாது என்று அறிந்தவர் அலுவலகத்தின் வாயிலில் அஞ்சி நிற்க வேண்டியதில்லை.

நல்லவாட்டிலும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் எச்சரிக்கை கூற அன்று இந்தியக் கடலோரத்தில் அமைப்பு ஏதும் இல்லை. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டைத் தொலைபேசியில் அழைத்தார். செய்தி கேட்டோர் மையத்தை நோக்கி ஓடினர். அது பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உட்புகுந்து, ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பினர். நாள்தோறும் கடலின் நிலையைச் சொல்லிப் பழகிய குரல்வழி அது. ஆதலின் எவரும் ஐயுறவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஊரார் உயிர் பிழைத்தனர்.

பின்னர் 2007-இல் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே மீனவர்க்கான கைபேசிச் செயலி ஒன்றைச் சுவாமிநாதன் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் கொணர்ந்தனர். அலை, காற்று, சந்தை விலை ஆகியவற்றை அது கூறும். இலங்கைக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். மீன் திரளக்கூடிய இடங்களையும் காட்டும். இதற்கு ஐதராபாத் மையம் உதவுகின்றது: செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பத்தையும், நுண்பாசியின் பச்சையத்தையும் அளக்க, இரை மிக்க இடம் எதுவென்று அம்மையத்தினர் கணிக்கின்றனர். அலைந்து தேடும் எரிபொருட் செலவு இதனாற் குறையும். ஆயினும் குறித்த இடத்தில் மீன் இருந்தே தீரும் என்பதற்கு உறுதியில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்தில் இவ்வறிவிப்பு வெளிவருவதில்லை. முகில் மூடிய நாளில் அச்செயற்கைக்கோள்களுக்குக் கடற்பரப்பு தெரிவதுமில்லை. அந்நாளில் வலை வீசுவோர் காற்றையும் நீவாட்டையுமே பார்க்கின்றனர்.