இருபது வருடத் தேக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். பண்ருட்டிப் பக்கத்து 2 ஏக்கரில் 2,000 தேக்கு, 20 வருடத்தில் இரண்டு கோடி. பெருக்கலில் பிழையே இல்லை, சின்ன வயதிலிருந்தே நீ அதில் கெட்டிதான். ஆனால் நட்டதெல்லாம் நின்று பருக்கும் என்று யார் சொன்னது?

இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று என்றால் ஏக்கருக்கு 1,000 போகும், சரி. அத்தனையையும் விட்டுவைத்தால் கழிகளாகத்தான் நிற்கும். நடுவில் கலைத்து வெட்டிக்கொண்டே வரவேண்டும். கடைசிவரை நிற்பது நூறோ இருநூறோ. இடையில் வெட்டியதெல்லாம் கழி விலைக்குத்தான் போகும். நீ கேள்விப்பட்ட கன அடி விலை வைரம் பாய்ந்த, நல்ல சுற்றளவுள்ள மரத்துக்கு. இளந்தேக்கை அறுத்தால் வெளிறுதான் தடித்து நிற்கும். தொண்ணூறுகளில் தேக்கு வளர்த்துத் தருகிறோம் என்று பணம் வாங்கிய கம்பெனிகள் இதே பெருக்கலைத்தான் காட்டின. எத்தனையோ பேர் முதலையே இழந்த பிறகு, 1999இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி இப்படிப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது.

"அதுவரை விலை ஏறுமே மாமா" என்பாய். ஏறட்டும், வட்டியும் கூடவே ஏறுகிறதே! இன்று போடுகிற ஒரு லட்சம், 8 சதவீதக் கூட்டுவட்டியில் 20 வருடத்தில் நாலரை லட்சத்தைத் தாண்டிவிடும். வருடாவருடம் வந்திருக்க வேண்டிய குத்தகையையும் அதோடு சேர். அதற்கு மேல் வந்தால்தான் லாபம். ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849இலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். அடுத்த நடவுக்குக் காத்திருக்கும் மண்ணும் வாடகை கேட்கும் என்பதுதான் அதன் சாரம். இந்த வருடம் மரத்தில் கூடிய மதிப்பு வட்டியையும் குத்தகையையும் கட்டவில்லை என்றால், மரம் இன்னும் பருக்கும் என்றாலும் வெட்டிவிட வேண்டியதுதான்.

ஊரில் சவுக்கை மூன்று நாலு வருடத்திலேயே வெட்டிவிடுகிறார்கள், பொறுமையில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு, எனக்குக் கோபம் வருகிறது. ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கிய வீட்டில் வருடத்துக்கு 24 சதவீதம் போகிறது. எந்தத் தேக்கு அந்த வேகத்தில் வளரும்? சவுக்கு அப்படியா? காகித ஆலைக்குப் போகும், கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும். வேர்முடிச்சு மண்ணில் தழைச்சத்துச் சேர்க்கும். முதல் போகத்தில் நடுவே மல்லாட்டையோ உளுந்தோ எடுக்கலாம். மகள் கல்யாணம் முன்னால் வந்தால் ஆறு மாதம் முந்தி வெட்டிக்கொள்ளலாம். அந்த வசதிக்கு உன் கணக்கில் ஒரு பைசாவும் போடவில்லை.

புயலையும் போடவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பலாவையும் முந்திரியையும் நீயும்தானே பார்த்தாய்? சவுக்கும்தான் சாய்ந்தது. ஆனால் அதில் போவது இரண்டு மூன்று வருட உழைப்பு. தேக்கு 20 ஐப்பசி கார்த்திகைகளைத் தாண்டி நிற்க வேண்டும்.

ஆள் கிடைப்பதில்லை, சென்னையில் உட்கார்ந்துகொண்டு நெல் வைக்க முடியாது என்கிறாய். மரம் வைக்க அது முழு நியாயமான காரணம். அதனால் ஒரு ஏக்கரில் சவுக்கு போடு, மறு ஏக்கரில் உன் அம்மா பயிர் வைக்கட்டும். தேக்கு ஆசை விடவில்லை என்றால் வரப்பில் வை. அங்கே வெளிச்சமும் கிடைக்கும், பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரும் கிடைக்கும், சீக்கிரம் பருக்கும். பொதுவரப்பில் மட்டும் வைத்துவிடாதே. நிழல் விழுந்தால் பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வந்துவிடு. கன்றுக்கு நான் சொல்லிவைக்கிறேன். ஒரு வேலை மட்டும் உன்னுடையது. தோப்பை விலை பேச வருகிற வியாபாரி, லாரி உள்ளே வருமா என்றுதான் முதலில் பார்ப்பார். தலைச்சுமையாகத் தூக்க வேண்டும் என்றால் அந்தக் கூலியை உன் விலையில்தான் கழிப்பார். நம் வண்டிப்பாதை உன் பெரியப்பா நிலத்தோடு நின்றுபோகிறது. நான் சம்பந்தி வீட்டுக்காரன், அவரிடம் நான் கேட்டால் நன்றாயிருக்காது. நீயே நேரில் போய்க் கேள்.

அன்புடன்,
மாமா