பழைய தார்ப்பாய் மறுபடியும் மழை தாங்குமா?



புயல் என்று கேட்டதும் சடையங்குப்பத்தில் நாம் முதலில் தேடுவது தார்ப்பாயைத்தான். தாழ்வான ஊர். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி, எண்ணூர் பக்கம் பட்ட பாடு நமக்கு மறக்காது.

பரணில் கிடந்ததை எடுத்து விரித்தால் பூஞ்சை வாடை. மேலே கட்டினால் சொட்டுச் சொட்டாக ஒழுகல். கீழே அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், குழுவின் தீர்மான நோட்டு. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா அக்கா?" என்போம். மழை நேரத்தில் கைமாத்து வாங்கித்தான் புதுசு வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முன் பழசில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் எந்த ரகம் என்று பாருங்கள்

பருத்தி நூலில் நெய்த கான்வாஸ் என்றால் மீட்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் நன்றாக இருக்கிறது. துணி குடித்துவிட்டால் வேலை இருக்கிறது.

நீலம், மஞ்சள் நிற பாலித்தீன் பாய்க்கு இந்த வைத்தியம் பிடிக்காது. சின்னக் கிழிசல் என்றால் துடைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் ஒட்டு டேப் போடலாம். தைக்க வேண்டாம், ஊசி ஓட்டை வழியே ஒழுகும். வெயிலில் நைந்து, தொட்டாலே செதில் உதிர்ந்தால் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

கான்வாஸுக்கு சோப்பும் படிகாரமும்

1. காய்ந்த துணியை வெளியே வைத்து பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டுங்கள். அலசிக் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நூல் இற்றுப்போகும்.

2. அரை கிலோ பார் சோப்பைச் சீவி 8 லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். சலவைத் தூள் கூடாது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும். நல்ல தண்ணீரே வேண்டும். துணியை நன்றாக ஊறவைத்து, அலசாமல் காயப்போடுங்கள்.

3. பிளாஸ்டிக் டிரம்மில் 8 லிட்டர் வெந்நீருக்குக் கால் கிலோ படிகாரம் கரைத்து, துணியை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள். பிழியாமல் விரித்துக் காயவையுங்கள்.

பெரிய பாய் என்றால் இதே கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு பொருள் உண்டாகி நூலில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் மழையைத் தள்ளுகிறது. தையல் ஓரத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே காகிதம் வைத்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகு பட்ட துணியை அடுப்புப் பக்கம் கட்டாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

மெழுகை மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ கரைத்து அடுப்பில் சூடாக்குவது ஆபத்து. குப்பென்று தீப்பிடிக்கும்.

பழைய லாரித் தார்ப்பாய் வாங்கினால் என்ன சரக்கு மூடியது என்று கேளுங்கள். ரசாயன வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அரிசி மேல் போடாதீர்கள்.

சரிவாகக் கட்டுங்கள். தண்ணீர் குளம் கட்டி நின்றால் எந்தக் கான்வாஸும் கசியும். ஓர வளையம் போயிருந்தால் கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டலாம்.

ஈரத்தோடு மடிக்காதீர்கள். கான்வாஸ் கெடுவது பெரும்பாலும் பரணில்தான். வருஷம் ஒரு முறை இந்த வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன், ஆவணி வெயிலிலேயே முடித்துவிடுவது நல்லது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

* நம் குழுவில் எத்தனை வீட்டில் கான்வாஸ், எத்தனை வீட்டில் பாலித்தீன்?
* டிரம், சோப்பு, படிகாரம் பொதுவில் வாங்கி ஒரே நாளில் எல்லாருக்கும் செய்யலாமா?
* தனியாக இருக்கும் வயதான உறுப்பினருக்கு யார் செய்து கொடுப்பது?