குறைவாகப் பேசும் வீட்டுக்கு எந்தத் தொலைபேசிக் கட்டணம் கட்டுப்படியாகும்?

மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினால் கொள்முதல் செய்யும் இடத்தில் நின்று கேள்வி கேட்கும் நமது வணிக அன்பர்கள், வீட்டுத் தொலைபேசிப் பில்லை மட்டும் பிரித்துப் பார்க்காமலே கட்டிவிடுகிறார்கள். தொகை சிறியது என்பதே காரணம். ஆனால் வீட்டில் ஒரு இணைப்பு, கடையில் ஒரு இணைப்பு, ஊரில் இருக்கும் வயதான தாயாருக்கு ஒரு இணைப்பு என்று சேர்த்தால் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. மாதம் இருபது அழைப்புகூடச் செய்யாத வீட்டில் இது எவ்வளவு தூரம் நியாயமான செலவு என்பதை இங்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொலைபேசிச் செலவு இரண்டு பகுதி கொண்டது. பேசினாலும் பேசாவிட்டாலும் கட்ட வேண்டிய வாடகை ஒன்று. பேசியதற்கான கட்டணம் மற்றொன்று. 'இத்தனை அழைப்பு இலவசம்', 'எல்லா அழைப்பும் இலவசம்' என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களில் இரண்டாவது பகுதியை எடுத்து முதல் பகுதிக்குள் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அதிகம் பேசுகிறவருக்கு இது லாபம். குறைவாகப் பேசுகிறவர் பிறர் பேசுவதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். கால் கிலோ பருப்பு போதும் என்று வரும் பாட்டியிடம், பத்துக் கிலோ வாங்கினால் விலை குறைவு என்று சொல்வதைப் போன்றது இது. விலை குறைவுதான், ஆனால் பாட்டிக்கு அது செலவு.

ஒரு கணக்கு. மாத வாடகை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 236 ரூபாய். மாதம் 20 அழைப்பு செய்கிற வீட்டில் ஒரு அழைப்பின் அடக்க விலை 11 ரூபாய் 80 காசு. அதே வீட்டுக்காரர் 'வரம்பில்லாமல் பேசலாம்' என்ற ஆசையில் 400 ரூபாய்த் திட்டத்துக்கு மாறினால் வரியோடு 472 ரூபாய். ஒரு அழைப்பு 23 ரூபாய் 60 காசு ஆகிவிடும். அழைப்புகள் 'இலவசம்' என்று எழுதியிருப்பதால் இந்த அடக்க விலை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே திட்டத்தைப் பார்க்கும் முன் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். தொலைபேசி அருகில் ஒரு சிட்டை வைத்து, ஒரு மாதம், நாம் செய்யும் அழைப்புகளை மட்டும் கோடு போட்டு வாருங்கள். வரும் அழைப்புகளை எழுத வேண்டாம், அவற்றுக்கு நாம் கட்டணம் செலுத்துவதில்லை. எத்தனை அழைப்பு என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதையும் தோராயமாகக் குறியுங்கள். 'அரிசி வந்துவிட்டதா?', 'வந்துவிட்டது' என்று அரை நிமிடத்தில் முடிகிற அழைப்புகளே நம் வீடுகளில் அதிகம் என்பது அப்போது தெரியும்.

இதை அறிவது ஏன் முக்கியம்? பேசியதற்கு அளந்து கட்டணம் வாங்கும் திட்டங்களில் அலகு என்று ஒன்று உண்டு, பழைய நாளில் 'மீட்டர் கால்' என்று சொன்னோமே அதுதான். மூன்று நிமிட அலகில் நாற்பது நொடி பேசினாலும் முழு அலகுக்குப் பணம். 40 நொடி வீதம் 40 அழைப்பு செய்தால், அலகுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் 40 ரூபாய். 2009-இல் டாட்டா டோகோமோ கொண்டுவந்ததைப் போல நொடிக்கு ஒரு காசு என்றால் அதே பேச்சுக்கு 16 ரூபாய். சுருக்கமாகப் பேசுகிற வீட்டுக்கு, அலகின் விலையைவிட அலகின் அளவே பெரிது. விண்ணப்பம் கொடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

சலுகைகளை நம்பித் திட்டம் தேர்வு செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2015 மே முதல் தேதியிலிருந்து இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை லேண்ட்லைன் அழைப்புகளை இலவசமாக்கியது. 2016 ஆகஸ்ட் 15 முதல் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இலவசம் என்றது. 2018 ஜனவரியில் இரவு நேரம் பத்தரை மணி முதல் ஆறு மணி வரை என்று சுருங்கியது. பிப்ரவரியில் ஞாயிறு சலுகையே நின்றது. கடை அடைத்துவிட்டு ஒன்பதரை மணிக்கு உறவினரோடு பேசலாம் என்று எண்ணி இணைப்பு வைத்திருந்தவர் என்ன செய்வார்? வாடகை நிலையானது, சலுகை நிலையற்றது. கணக்கில் வாடகையை மட்டுமே சேருங்கள்.

லேண்ட்லைன் தேவையே இல்லை, செல்போன் போதும் என்போரும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். 28 நாள் ரீசார்ஜை மாத ரீசார்ஜ் என்று நினைக்கிறோம். ஆண்டுக்கு அது பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை. 199 ரூபாய் என்றால் 2,388 அல்ல, 2,587. மாதத்துக்கு ஒரு முறை வாடகை வாங்குகிறவர் பதின்மூன்றாம் வாடகை கேட்டால் நாம் சும்மா இருப்போமா? 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

இண்டர்நெட்டே பார்க்காத பெரியவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி செய்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும், ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849 என்றும் அறிவித்தன. இவற்றை ஒப்பிட ஒரே வழி, விலையை நாளால் வகுப்பது. அறிவித்த விலையில் ஒரு நாளுக்கு முறையே 5.33, 5.20, 5.58, 5.07 ரூபாய் வருகிறது. மேலே சொன்ன 199 ரூபாய் ரீசார்ஜ் நாளுக்கு 7.11. வரியோடு 236 ரூபாய் வாடகை உள்ள லேண்ட்லைன் 7.76. ரீசார்ஜ் செய்யும் அன்றைய விலையை வைத்து இதே வகுத்தலைக் கடையில் இருக்கும் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். 336 நாள் திட்டத்தை 'ஒரு வருடம்' என்று நினைத்துவிடாதீர்கள், 29 நாள் குறைகிறது. தாயாரின் போன் நின்றுபோனது தெரியாமல் ஒரு வாரம் கழிவது இப்படித்தான்.

பணக் கணக்கு மட்டும் போதாது. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். ஃபைபர் இணைப்புக்கு மாறினால் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், சிறிய யு.பி.எஸ். வைக்காவிட்டால் கரண்ட் போன நேரத்தில் தொலைபேசியும் ஊமை. வயதானவர் தனியே இருக்கும் வீட்டில் இதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் சாலை தோண்டும்போதெல்லாம் கம்பி அறுந்து, மாதத்தில் பாதி நாள் பழுதாகக் கிடக்கும் தெருவில், பழகிய போன் என்ற பாசத்துக்காக வாடகை கட்டுவதில் அர்த்தமில்லை.

கடைக்காரருக்கு எண்ணும் ஒரு சொத்து. பையிலும் பில் புத்தகத்திலும் இருபது ஆண்டாக அச்சடித்த எண்ணுக்குத்தான் ஆர்டர் வருகிறது. செல்போன் எண்ணை 2011 முதல் வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. எனவே அப்படிப்பட்ட எண் இருந்தால் அதிலேயே ஆகக் குறைந்த வாடகைத் திட்டத்துக்கு மாறி, வெளி அழைப்புகளைச் செல்போனில் செய்வதே சிக்கனம். வரும் அழைப்புகளைச் செல்போனுக்குத் திருப்பி வைத்தால், திருப்பப்படும் ஒவ்வொரு அழைப்பும் நம் லேண்ட்லைனிலிருந்து செய்ததாகக் கணக்காகும் என்பதை நினைவில் கொள்க.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. கடை இணைப்பு கடையின் பெயரிலும், பில் நமது ஜி.எஸ்.டி. எண்ணோடும் இருந்தால், சாதாரண முறையில் வரி கட்டும் வணிகர் அந்த 36 ரூபாயை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவருக்கு அது கிடையாது. வீட்டுச் சொந்த உபயோகத்துக்கான இணைப்புக்கும் கிடையாது.

இணைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தால் பில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். பாக்கி ஏறும், டெபாசிட்டும் அதில் கழியும். எழுத்து மூலம் சரண்டர் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கருவியோ மோடமோ அவர்களுடையது என்றால் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். டெபாசிட் எவ்வளவு கட்டினோம் என்பது இணைப்பு வாங்கிய அன்றைய டிமாண்ட் நோட்டில் இருக்கும். அதன் நகலையும் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் பணம் திரும்பி வருவது சுலபமாகும்.