இருவர் கூடிப் பழங்காரைப் புதுக்குதல்

பழையதொரு மோட்டார்க் காரைக் கணவனும் மனைவியும் கூடிப் புதுக்குதல் அமெரிக்க நாட்டில் வழங்கிவரும் ஒரு முயற்சியாகும். பௌதிகமும் இல்லறமும் அதன்கண் ஒருங்கே பயிலப்படுகின்றன. இதனை ஒரு காரைக் கொண்டு ஆராய்வோம்.

1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்பதே அக்கார். நடுத்தர அளவுள்ள உடலிலே, 389 கன அங்குலக் கொள்ளளவும் எட்டுச் சிலிண்டர்களும் உடைய பெரிய எஞ்சினைப் பொருத்தினர். அதன் வலு 325 குதிரைவலு. ‘மசில் கார்’ என்னும் வகைக்கு இதனையே முன்னோடியாகப் பலர் கொள்வர். ஆயின், அவ்விரைவை அடக்குதற்கு அமைந்தவை நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்குகளே. நான்கிற்கும் திரவத்தைச் செலுத்துவதோ ஒரே தலைமைச் சிலிண்டர். குழாய் ஓரிடத்தில் வெடிப்பினும் நான்கு பிரேக்குகளும் செயலிழக்கும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலால், நெடுங்காலம் கிடந்த காரின் குழாய்கள் உள்ளே துருப்பிடித்திருத்தல் கூடும். அவற்றை மாற்றியபின் உட்புகுந்த காற்றை வெளியேற்றல் வேண்டும். அடைபட்ட திரவத்தில் ஏற்படும் அமுக்கம் எங்கும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. திரவம் எளிதிற் சுருங்காது; காற்றோ சுருங்கும். குமிழிகள் எஞ்சினால், மிதியை அழுத்தும் விசை அவற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

இவ்வேலைக்கு இருவர் வேண்டும். தலைமைச் சிலிண்டருக்கு மிகத் தொலைவான வலப் பின்சில்லிலே தொடங்குதல் முறை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடித்து, ‘அழுத்தினேன்’ என்பார். மற்றவர் சில்லின் பின்னுள்ள சிறு திருகாணியைத் தளர்த்துவார். திரவமும் குமிழியும் வெளிவரும். அதனை இறுக்கி, ‘மூடினேன்’ என்று சொன்ன பின்னரே மிதியை விடலாம். அச்சொல் வருமுன் காலை எடுத்தால், போன காற்று மீண்டும் உட்புகும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத நிலையில், சொல்லே இருவரையும் இணைக்கின்றது.

இங்கே ஒரு வழக்கும் எழும். பழைய அமைப்பே நிலைத்தல் வேண்டும் என்பார் ஒருவர்; முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் வெவ்வேறு வழியமைந்த இரட்டைச் சிலிண்டர் வேண்டும் என்பார் மற்றவர். 1968 சனவரி முதலாகப் புதிய கார்களுக்கு அமெரிக்கச் சட்டமே இத்தகைய பிரிவினை வேண்டிற்று. நாம் பின்னவர் பக்கமே நிற்போம். கழற்றிய பகுதியைப் பேணி வைத்தால், பின்னொருகால் மீளப் பொருத்தலாம். போன உயிரை மீட்டல் இயலாது. ஓட்டுபவர் ஒருவராயினும், அக்காரிலே இருவருடைய உயிரும் செல்கின்றது. ஆதலால், அதன் பிரேக்கைப் பற்றிய முடிவும் இருவருக்கும் உரியதேயாம்.