மூடி திறக்கும் கூலி

சென்ற ஏப்ரல் திங்களில் ஒரு நண்பகல். கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமன் வீட்டு மாடியறையில் வெப்பமானி 38 டிகிரி காட்டிற்று. மேசைமீதிருந்த என் கணிப்பொறியின் பிராசசரோ 99 டிகிரியில் நின்றது. இன்னும் ஒரு டிகிரி ஏறினால் அது தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவ்வாறு குறைத்துக்கொண்டால், ஆறு நாளில் முடிய வேண்டிய என் ஆய்வுக் கணிப்பு ஒன்பது நாளாகும். ஆய்வேட்டை ஒப்படைக்க எனக்கிருந்ததோ ஐந்தே வாரம்.

அப்பிராசசர் இன்டெல் நிறுவனத்தார் 2017 சனவரியில் வெளியிட்ட ஐ7-7700கே என்பது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் தந்தையார் அனுப்பிய பணத்தில் 9,000 ரூபாய் கொடுத்துப் பழையதாக வாங்கினேன். என் பாட்டனார் கங்காணியோடு மலையேறிய காலந்தொட்டு எங்கள் குடும்பத்தில் ஒரே பொருளுக்கு ஒரே நாளில் இத்துணைப் பணம் கொடுத்தவர் நான் ஒருத்தியாகவே இருப்பேன். ஆகவே அதன் மூடியைக் கழற்ற வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கத்தைத் தோழர்கள் உணர்ந்துகொள்வார்கள்.

மூடியாவது யாது? நாம் கையில் எடுத்துப் பார்க்கும் பிராசசரின் மேலே பளபளவென்று தெரிவது நிக்கல் முலாம் பூசிய செப்புத் தகடு. வேலை செய்யும் சிலிகன் சில்லு அதற்கடியில் ஒளிந்திருக்கிறது. சில்லிலே தோன்றும் வெப்பத்தைப் பரப்பி, மேலே பொருத்திய குளிர்விப்பானிடம் ஒப்படைப்பது அத்தகட்டின் தொழில். சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஓர் இணைப்புப் பொருள் வேண்டும். ஈயப்பற்று வைப்பது போல இண்டியம் என்னும் உலோகத்தால் பற்றவைப்பது ஒரு முறை. வெப்பப் பசையைத் தடவுவது மற்றொரு முறை. இன்டெல் நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட மேசைக் கணிப்பொறிப் பிராசசர்களில் பற்றவைத்தனர். 2012இல் பசைக்கு மாறினர். 2018 அக்டோபரில் உயர்தரப் பிராசசர்களில் மீண்டும் பற்றவைப்புக்குத் திரும்பினர். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்தது என் பிராசசர். அந்தப் பசையை அகற்றி அதனினும் நல்லதை இடுவதற்காக மூடியைக் கழற்றுவதைத்தான் டிலிட்டிங் என்கிறார்கள். 7700கே திடீர் திடீரெனச் சூடேறுகிறது என்று வாங்கியவர்கள் 2017இல் முறையிட்டபோது, வரையறுத்த வேகத்தை மீறுவதையும் மூடியைக் கழற்றுவதையும் தாம் பரிந்துரைப்பதில்லை என்று இன்டெல் மறுமொழி கூறிற்று. கழற்றினால் உத்தரவாதம் போய்விடும். என்னுடையதற்கு உத்தரவாதக் காலம் முன்பே முடிந்துவிட்டபடியால் அவ்வகையில் எனக்கு இழப்பில்லை. புதிதாக வாங்குவோர் அதையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனிச் சிறிது பௌதிகம். வெப்பம் சில்லிலிருந்து காற்றை அடையும் வழி, தொடராக இணைத்த மின்தடைகளைப் போன்றது. உட்பசை ஒரு தடை, மூடி ஒன்று, வெளிப்பசை ஒன்று, குளிர்விப்பான் ஒன்று. ஒவ்வொரு தடையிலும் வெப்பநிலை ஒரு படி இறங்குகிறது. படியின் உயரம், செல்லும் வாட்டைப் பசையின் கனத்தால் பெருக்கி, அதன் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் கிடைக்கும். என் சில்லின் பரப்பு சுமார் 120 சதுர மில்லிமீட்டர். நம் கட்டை விரல் நகத்தின் அளவே. வேலை மிகும்போது அதனூடே ஏறத்தாழ 90 வாட் வெளியேறுகிறது. உட்பசையின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றும் கடத்துதிறன் 4 என்றும் வைத்துக்கொள்வோம். படியின் உயரம் 19 டிகிரி வருகிறது. அதே பசையை 0.03 மில்லிமீட்டராக மெலிதாக்கினால் 6 டிகிரிதான். பசைக்கு மாற்றாகக் காலியம் கலந்த திரவ உலோகத்தை அதே கனத்தில் இட்டால், விற்பவர்கள் கூறும் 70 என்னும் கடத்துதிறனை நம்பினால், ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு!

இக்கணக்கிலே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, பசையின் தரத்தை மட்டும் குறை கூறுவது முறையன்று. மூடியின் விளிம்பை ஒட்டியிருக்கும் கறுப்புச் சிலிகோன் கோந்து மூடியைச் சற்றே உயர்த்தி நிறுத்திவிடுவதால் உண்டாகும் இடைவெளியும் பெருங்குற்றவாளி. மற்றொன்று, மூடிக்கு வெளியே தடவும் பசையை மாற்றுவதால் இவ்வளவு பயன் வராது. அங்கே வெப்பம் பன்மடங்கு பரந்த பரப்பிலே செல்வதால் படி தாழ்ந்தே இருக்கும்.

எனினும் நான் முதலில் செய்தது வெளிவேலைதான். தூசியைத் துடைத்தேன், காய்ந்து போன வெளிப்பசையை மாற்றினேன், மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தேன். காசு செலவில்லாத இவ்வேலைகளைச் செய்யாமலே மூடியில் கை வைப்பவர்கள் பலர். இவற்றால் இரவில் நிலைமை சீரடைந்தது. நண்பகலில்தான் நான் மேலே சொன்ன 99. மூணாற்றில் எங்கள் லயத்து வீட்டறை ஏப்ரலிலும் 22 டிகிரிக்கு மேல் போனதை நான் அளந்ததில்லை. கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டால் 16 டிகிரி இலவசமாகக் கிடைக்கும். (முழுவதும் கிடைக்காது. ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. விசிறியும் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும்.) மூடி கழற்றுவது என்பது, வெப்பக் கணக்குப்படி, பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து மூணாற்றுக்கு ஏறுவது போன்றது. மலையில் மின்சாரம் நிலையாக இருந்திருந்தால் நான் மலைக்கே போயிருப்பேன்.

மாமா கஞ்சிக்கோட்டில் லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். பிராசசரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைத் திறக்கக் கோயமுத்தூர்க்காரன் எவ்வளவு கேக்குறான்?”

“ஒருத்தர் 1,200, இன்னொருத்தர் 2,000 மாமா.”

“அஞ்சு நிமிச வேலைக்கா? நம்ம வைஸுல வச்சு ஒரு இறுக்கு இறுக்கினா வந்துரும் பாப்பா.”

மாமா சொன்னதில் பிழையில்லை. வைஸின் ஒரு தாடை பச்சைப் பலகையின் விளிம்பிலும், மற்றொரு தாடை மூடியின் எதிர் விளிம்பிலும் படும்படி வைத்து மெல்ல இறுக்கினால் கோந்து அறுந்து மூடி நழுவும். சவரத் தகட்டால் கோந்தை அறுப்பதே தொடக்க காலத்து முறை. தகடு ஒரு மயிரிழை தாழ்ந்தால் பலகையின் செப்புத் தடங்கள் அறுபடும். பின்னர் மூடியைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு கருவிகள் வந்தன. ஜெர்மனியில் டெர்பாவர் என்னும் பெயரால் அறியப்படும் ரோமன் ஹார்டுங் வடிவமைத்த டிலிட் டை மேட் அவற்றுள் பெயர் பெற்றது. அமெரிக்காவில் சிலிகன் லாட்டரி என்றொரு நிறுவனம் மூடி கழற்றித் தருவதையும் ஒரு தொழிலாகவே நடத்தி, 2021இல் கடையை மூடியது. கருவி ஆயினும் வைஸ் ஆயினும் தத்துவம் ஒன்றே. கருவியில் மூடி நழுவும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு, வைஸில் அந்த எல்லை நம் கையில் இருக்கிறது.

அந்த எல்லையின் அருமையை நான் உயிருள்ள பிராசசரில் கற்கவில்லை. மாமாவின் நண்பர் ஒருவர் பழைய மின்பொருள் வாங்குபவர். அவரிடமிருந்து 2013ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்த, செயலிழந்த மூன்று ஐ5 பிராசசர்களை மாமா கொண்டு வந்தார். முதலாவதை நான் வைஸில் வைத்தேன். இறுக்கினேன், அசையவில்லை. மேலும் கால் சுற்று, அசையவில்லை. மேலும் கால் சுற்று வைக்கும்போது ‘டக்’ என்ற ஒலியுடன் மூடி ஒரே பாய்ச்சலாக நழுவி, சில்லின் ஓரத்தில் வரிசையாக இருந்த மணல் போன்ற மின்தேக்கிகளை வழித்துக்கொண்டு போயிற்று. செத்த பிராசசர்தான், இருந்தும் எனக்கு வயிறு கலங்கியது. அதன் பிறகு மாமா தாடைக்கு முன்னே ஒரு சிறு இரும்புத் துண்டைத் தடையாக வைத்தார்; மூடியைத் தலைமயிர் உலர்த்தும் கருவியால் சற்றே சூடேற்றிக் கோந்தை இளக்கினோம். இரண்டாவதும் மூன்றாவதும் பழுதின்றி வந்தன.

இப்போது கணக்குக்கு வருவோம். நானே செய்தால் கூலி இல்லை. திரவ உலோகத்துக்கும் சில்லறைப் பொருளுக்கும் 1,000 ரூபாய். கோவையில் 2,000 கேட்டவர் திரவ உலோகமும் தாமே இடுகிறார். கழற்றும்போது உடைந்தால் அதே வகைப் பிராசசர் ஒன்றைத் தருவதாகவும் எழுதிக் கொடுக்கிறார். 1,200 கேட்டவரும் அதே வேலையைச் செய்கிறார். உடைந்தால் பொறுப்பு நம்முடையது. ஆக, இவ்விருவருக்கும் இடையிலுள்ள 800 ரூபாய் கைத்திறனுக்கான கூலி அன்று. இழப்பை ஏற்றுக்கொள்வதற்கான கூலி. 9,000 ரூபாய்ப் பொருளுக்கு 800 வாங்கிக்கொண்டு ஒருவர் பொறுப்பேற்கிறார் என்றால், நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவாகவே தம் கையில் உடையும் என்று அவர் நம்புகிறார் என்பதே பொருள். பட்டறையில் நான் மிச்சம்பிடிப்பதோ 1,000 ரூபாய். ஒன்பதில் ஒன்றுக்கு மேல் என் கையில் உடையுமானால் அந்த மிச்சம் மிச்சமன்று. என் கைக்கணக்கு மூன்றில் ஒன்று! மூன்று சோதனையை வைத்து விகிதம் கூறுவது புள்ளியியலார் நகைக்கத்தக்கது என்பதை அறிவேன். பின் இரண்டும் பழுதின்றி வந்தமையால் கை தேறிவிட்டது என்றே மாமா வாதிட்டார். ஆயினும் உடைந்தால் எனக்குப் போவது 9,000 மட்டுமா? அதே பலகையில் பொருந்தும் மற்றொன்றைத் தேடிப் பிடிக்கும் நாட்களும் போகும். ஐந்து வாரத்தில் அந்நாட்களுக்கு என்ன விலை இடுவது?

வேலந்தாவளம் வழியாகப் போகும் பேருந்தில் பிராசசரை மடியில் வைத்துக்கொண்டு கோவைக்குச் சென்றேன். 2,000 ரூபாய்க்காரரிடமே கொடுத்தேன். மாமாவுக்கு மனத்தாங்கல்தான், இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவர் வேலை செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். மூடி கழன்றது ஒரு நிமிடத்தில். மீதி முக்கால் மணி நேரம் துப்புரவு செய்வதிலேயே சென்றது. பலகையிலும் மூடியிலும் ஒட்டிய கோந்தைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்; இடைவெளி குறைவது அதனால்தான் என்று முன்பு கண்டோம். சில்லைச் சுற்றியுள்ள உலோகப் புள்ளிகள்மீது பெண்கள் இடும் நகப்பூச்சைத் தடவி உலர்த்தினார். திரவ உலோகம் மின்சாரத்தையும் கடத்துமாதலால், ஒரு துளி வழிந்தாலும் குறுக்கு மின்னோட்டம் ஏற்படக்கூடும். பிறகு கடுகளவு துளியைச் சில்லின்மேல் இட்டுப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தார். முதலில் உருண்டோடிய துளி, தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடிபோல் படர்ந்தது. மூடியின் உட்புறத்திலும் அவ்வாறே. அலுமினியத்தின் அருகே இதைக் கொண்டு போகாதீர்கள் என்று எச்சரித்தார். காலியம் அலுமினியத்தின் உள்ளே ஊடுருவி அதை அப்பளமாக நொறுங்கச் செய்துவிடும். குளிர்விப்பான்களில் பல அலுமினியத்தால் ஆனவை. எங்கள் லயத்து வீட்டுச் சமையலறையோ முழுவதும் அலுமினியம்.

மறுநாள் நண்பகலில் அறை 37 டிகிரி, பிராசசர் 83. காகிதக் கணக்கு 80 என்றது. மூன்று டிகிரிப் பிழைக்கு என் கனம் பற்றிய ஊகமே காரணமாகலாம். கணிப்பு ஆறு நாள் நில்லாமல் ஓடி முடிந்தது.

இதனால் எல்லோரும் கூலி கொடுத்தே செய்விக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சூன் திங்களில் என் வகுப்புத் தோழர் ஒருவர், வேறு பிராசசர் வாங்கிவிட்டபடியால் சும்மா கிடந்த தம் பழைய 6700கே ஒன்றைக் கொண்டுவந்தார். உடைந்தாலும் அவருக்குப் படிப்புக் கெடாது. அதை மாமாவே வைஸில் வைத்துக் கழற்றினார். இன்றும் நன்றாக ஓடுகிறது. மாமாவின் மனத்தாங்கலும் அன்றோடு தீர்ந்தது. ஆனால் இண்டியத்தால் பற்றவைத்த அண்மைக்காலப் பிராசசர்களைக் கொண்டு யாரும் மாமாவிடம் வரவேண்டா. இண்டியம் உருக 157 டிகிரி வேண்டும்; அல்லது மூடியை முன்னும் பின்னும் பலமுறை நகர்த்திப் பற்றைச் சோர்வடையச் செய்ய வேண்டும். அதற்குரிய கருவி எங்களிடம் இல்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசையில் மூடியே எட்டுக் கால்களுடன் அமைந்திருக்கிறது, கால்களுக்கிடையே மின்தேக்கிகள்.

மூடி நீக்கப் பழக விரும்பும் மன்றத் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கஞ்சிக்கோட்டுப் பட்டறைக்கு வரலாம். செயலிழந்த ஐ5 பிராசசர்கள் மேலும் நான்கை மாமா வாங்கி வைத்திருக்கிறார். நான் உடைத்த முதலாவதும் அங்கேதான், ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வைஸில் கை வைக்க விடுவார்.