மசாலா முதலில், இறால் கடைசியில்

வேலை நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிப் பேச்சே எழாது. கறி குக்கரில் வேக வேண்டும், ஆவி அடங்க வேண்டும், அப்புறம் மசாலா சுண்ட வேண்டும். கோழியும் முக்கால் மணி நேரம் கேட்கும். இறாலுக்கு அடுப்பில் வேண்டியது நான்கைந்து நிமிடம். காரசாரமாக ஒரு தொக்கு, சுடுசோறு, ரசம், தயிர்ப் பச்சடி, அப்பளம். ஆறு பேர் வயிறார உண்ண இது போதும்.

அந்த நான்கைந்து நிமிடத்தை மட்டும் நம்பி ஏழு மணிக்கு அடுப்படிக்குள் நுழைந்தால், ஒன்பதரைக்குத்தான் தட்டு வைக்க முடியும். ஓடு உரிப்பது, குடல் எடுப்பது, அலசுவது, வெங்காயம் நறுக்கி வதக்குவது என்று நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. அவற்றை விருந்தாளி வருவதற்கு வெகு முன்பே முடித்துவிடலாம். முடிக்கக் கூடாத வேலை ஒன்றே ஒன்றுதான்: இறாலை வேகவைப்பது. ஊருக்கே சமைத்துப் போடும் கைப்பக்குவம் எனக்கில்லை. ஆனாலும் என் இறால் தொக்கை யாரும் மிச்சம் வைத்ததில்லை என்றால் இந்த ஒழுங்குதான் காரணம்.

அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்

"சாப்பிட வாங்க" என்று சொல்லும் அதே மூச்சில், "இறால் ஒத்துக்குமா?" என்றும் கேட்டுவிடுவேன். இதில் கூச்சமே வேண்டாம். இறாலில் உள்ள டிரோப்போமயோசின் என்ற புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல்வரை போகலாம். நன்றாக வேகவைத்தாலும் அந்தப் புரதத்தின் வேலை அடங்காது. "கொஞ்சம்தானே, ருசி பாருங்க" என்ற உபசாரமெல்லாம் அவர்களிடம் கூடவே கூடாது. அப்படி ஒருவர் வருகிறார் என்றால் அன்றைக்கு இறாலையே விட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை, புரட்டாசி, மாலை போட்டிருப்பவர்கள் என்று நம் வீடுகளில் வேறு கணக்குகளும் உண்டு. சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தால் அவருக்கான பொரியலையும் குழம்பையும் முதலில் செய்து, தனிக் கரண்டி போட்டு மூடி எடுத்து வைத்துவிட்டுத்தான் இறால் பையைத் தொடுவேன். குழந்தைகள் வருகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டால் காரத்துக்கு ஒரு வழி செய்யலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஆறு பேருக்கு ஓட்டோடும் தலையோடும் ஒன்றரைக் கிலோ வாங்குவேன். தலையும் ஓடும் போனால் கிட்டத்தட்ட பாதி எடைதான் நிற்கும். ஆளுக்கு நூறு கிராமுக்கு மேல் சதை கிடைத்தால் தாராளம். தொக்குக்குப் பெரிய டைகர் இறால் தேவையில்லை. கிலோவுக்கு நாற்பது, ஐம்பது நிற்கும் நடுத்தர அளவே மசாலாவை நன்றாகப் பிடிக்கும்.

நல்ல இறாலின் ஓடு பளபளவென்று உடம்போடு ஒட்டியிருக்கும், தலை ஆடாது. தூக்கிப் பார்த்தால் தலை தொங்குகிறது, தலைப்பக்கம் கறுத்திருக்கிறது என்றால் பிடித்து நேரமாகிவிட்டது. முகர்ந்தால் கடல் வாடைதான் வர வேண்டும். மூக்கைக் குத்தும் அமோனியா நெடி அடித்தால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள். எந்த மசாலாவும் அதை மறைக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடல் இறால் குறைவாகத்தான் வரும், விலையும் ஏறும். அப்போது பண்ணை வனாமிதான் கைகொடுக்கும். பசிபிக் கரையைச் சேர்ந்த இந்த இனத்தை இங்கே வளர்க்க 2009இல் அனுமதி கிடைத்தது. இன்று எல்லா ஊர்ச் சந்தையிலும் கிடைக்கிறது. கடலில் பிடித்த வெள்ளை இறாலின் இனிப்பு அதில் சற்றுக் குறைவுதான் என்றாலும் காரத் தொக்குக்குக் குறை சொல்ல முடியாது.

எடை போட்டதும், "உரிச்சுத் தரவாக்கா?" என்று கேட்பார்கள். தரச் சொல்லிவிடுவேன். அந்தக் கூலி வேலை நாளில் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. கூடவே, "தலையையும் ஓட்டையும் தூக்கிப் போட்டுறாதீங்க, தனிக் கவர்ல கட்டுங்க" என்று சொல்வதற்கு மறப்பதில்லை. எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உறைய வைத்த பாக்கெட் வாங்குகிறீர்களா? மேலே படிந்த ஐஸுக்கும் சேர்த்துக் காசு கொடுக்காமல், ஐஸ் நீங்கலான எடை எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள். முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அவசரமென்றால் கவரோடு பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடலாம். வெந்நீர் ஊற்றினால் மேல்புறம் வெந்து உள்ளே கல்லாக நிற்கும்.

சுத்தம் செய்வது

கடையில் உரித்துக் கொடுத்தாலும் குடலை ஒருமுறை நானே பார்ப்பேன். முதுகில் கத்தி நுனியால் லேசாகக் கீறினால் கறுப்பு நூல் மாதிரி வரும், இழுத்துவிட வேண்டியதுதான். நடுத்தர இறாலில் இதை விட்டுவிட்டால் பல்லில் மண் கடிபடும். அந்தக் கீறலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வேகும்போது முதுகு விரிந்து மசாலா உள்ளே இறங்கும்.

கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசைந்து இரண்டு தண்ணீரில் அலசினால் வழுவழுப்பும் கவிச்சியும் போய்விடும். பிறகு நீரை ஒட்ட வடித்து, கொஞ்சம் மஞ்சள் மட்டும் தடவி, மூடி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். உப்பும் மிளகாய்த்தூளும் சமைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு போதும். காலையிலேயே உப்புப் போட்டு ஊறவைத்தால் இறால் தண்ணீர் விட்டு இறுகிவிடும். எலுமிச்சையும் அப்படித்தான். அதன் புளிப்பில் சதை அடுப்புக்குப் போகாமலே வெளுத்து விறைக்கும். பிழிவதானால் இறக்கிய பிறகு பிழியுங்கள்.

மசாலாவை முன்பே முடித்து வையுங்கள்

தொக்கு மசாலாவை முதல் நாள் இரவிலோ அன்று காலையிலோ செய்து வைத்துவிடுவேன். ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் கால் கிலோவைப் போட்டு, பொன்னிறத்தையும் தாண்டிச் சிவக்க வதக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது பச்சை வாசனை போகும்வரை. பின் மூன்று தக்காளி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி மல்லித்தூள், உப்பு. இராமநாதபுரம் குண்டு மிளகாய் கிடைத்தால் வறுத்துப் பொடித்துச் சேர்ப்பேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. தொக்குக்கு நல்ல மணம் கொடுக்கும்.

இனித்தான் தனிக் கவரில் கட்டி வந்த தலையும் ஓடும். நன்றாக அலசி, கொஞ்சம் எண்ணெயில் ஓடு சிவக்கும்வரை வறுத்து, மூழ்கத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கரண்டியால் தலைகளை நசுக்கி வடிகட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு வரும். தொக்கில் வெறும் தண்ணீர் விடும் இடத்தில் எல்லாம் இதை விடுங்கள். நான்கு நிமிடம் மட்டுமே வேகும் இறால் மசாலாவுக்குக் கொடுக்கும் ருசி கொஞ்சம்தான். அந்தக் குறையை இந்தச் சாறு தீர்த்துவிடும். மிச்சமிருந்தால் அன்றைய ரசத்தில் ஊற்றுங்கள். சைவக்காரர் பந்தியில் இருந்தால் மட்டும் வேண்டாம்.

எண்ணெய் பிரிந்து, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் அது இன்னும் சுவை கூடித்தான் இருக்கும்.

அந்த நான்கு நிமிடம்

விருந்தாளிகள் வந்து, தண்ணீர் குடித்து, பேச்சு சூடுபிடித்த பிறகு சோறு, ரசம், பச்சடி எல்லாம் மேசைக்குப் போகட்டும். அப்பளம் பொரித்தாயிற்றா? இப்போதுதான் இறால்.

அகலமான இரும்பு வாணலி காய வேண்டும். எண்ணெய் விட்டு, ஈரம் ஒற்றியெடுத்த இறாலை ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும், வறுபடாது. மூடி போடவும் கூடாது, அதே காரணம்தான்.

போட்ட ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் நிறக் கண்ணாடித்தனம் ஓரத்திலிருந்து மங்கி வெளுக்கும். முதுகில் சிவப்புக் கோடுகள் எழும், கீறிய இடம் மலரும். அந்தச் சிவப்பு இறாலுக்குள் முன்பே இருப்பதுதான். அஸ்டாஸாந்தின் என்ற நிறமியைப் பிடித்து வைத்திருந்த புரதம் சூட்டில் விட்டுவிட, நிறம் வெளியே வருகிறது. உடனே திருப்பிப் போட்டு இன்னொரு நிமிடம். இப்போது சூடாக்கி வைத்த மசாலாவைச் சேர்த்துப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். இறால் பாதி வளைந்து நிற்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். வாலும் தலைப்பக்கமும் தொட்டுக்கொண்டு முழு வட்டமாகிவிட்டால் ரப்பர்தான். சட்டியின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வேகும் என்பதால் ஒரு மூச்சு முன்னால் இறக்குவதே நல்லது.

காரத்தைக் கையில் வைத்திருங்கள்

எல்லார் நாக்கும் ஒன்றல்ல. அதனால் மிளகாயை மசாலாவில் அளவாகப் போட்டு, மீதிக் காரத்தைக் கடைசியில் மிளகாகச் சேர்ப்பேன். இரண்டு தேக்கரண்டி மிளகும் ஒரு தேக்கரண்டி சோம்பும் வறுத்துக் கரகரப்பாகத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்ததும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மிளகைத் தூவி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுப் பிரட்டுங்கள். மிளகின் வாசம் கொதியில் பறந்துவிடும் என்பதால் அதைக் கடைசியில் போடுவதே சரி.

காரம் தூக்கலாகிவிட்டால் திக்கான தேங்காய்ப்பால் அரைக் கிண்ணம் ஊற்றிக் கிளறினால் அடங்கும். மேசையில் தயிர்ப் பச்சடியும் நீர்மோரும் கட்டாயம் வேண்டும். மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதை நாக்கிலிருந்து எடுத்துவிடும். கண்ணில் நீர் வழியத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும் விருந்தாளியிடம் மோரை நீட்டுங்கள்.

மிச்சமானதை மறுபடி கொதிக்க வைக்க வேண்டாம். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் இறாலைப் பொடியாக நறுக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் பொடிமாஸ் ஆக்கினால் தோசைக்கு அருமையான ஜோடி.

மற்றதையெல்லாம் உங்கள் கைமணத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் விடலாம், தக்காளிக்குப் பதில் புளி கரைக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டோம், பத்து நிமிஷத்துல வந்துருவோம்" என்று போன் வந்தால் அதை நம்பி வாணலியை ஏற்றாதீர்கள். ஆட்கள் வந்து கை கழுவி உட்கார்ந்த பிறகு போட்டாலும் இறால் தாமதமாகாது.