நல்ல சர்வாதிகாரி கிடைப்பாரா?

"என் மகன் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறான். நேர்மையும் அறிவும் உள்ள ஒருவரிடம் பத்து வருடத்துக்கு முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தால் நாடு உருப்பட்டுவிடும் என்கிறான். கேட்கவே பயமாக இருக்கிறது. அவனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

பயப்பட வேண்டாம், அம்மா. இப்படிப் பேசும் பிள்ளைகள் கொடுங்கோன்மைக்கு ஆசைப்படுகிறவர்கள் அல்லர். எந்த வேலையும் உரிய நேரத்தில் நடப்பதில்லையே என்ற ஆற்றாமைதான் அவர்களை அப்படிப் பேசவைக்கிறது. வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. அதட்டினால் பேச்சு நிற்கும், எண்ணம் போகாது. அவன் கேட்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

முழு அதிகார ஆட்சியில் (ஆள்பவரின் ஆணையைச் சட்டமன்றமோ நீதிமன்றமோ தடுக்க முடியாத ஆட்சியில்) நல்லவர் ஒருவர் அமர முடியுமா? முடியும். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் அதற்குச் சரியான உதாரணம். தாய் மரியா தெரசா 1780 நவம்பரில் காலமானதும் ஆட்சி முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1790 பிப்ரவரியில் இறந்தார். உங்கள் மகன் கேட்கும் பத்து வருடம் ஏறக்குறைய அப்படியே அவருக்குக் கிடைத்தது.

அதை அவர் வீணாக்கவில்லை. 1781இல் பண்ணையடிமை முறையை ஒழிக்க ஆணையிட்டார். பண்ணையாரின் சம்மதமின்றித் திருமணம் செய்யவும், ஊரைவிட்டுப் போகவும், விரும்பிய தொழிலைக் கற்கவும் குடியானவர்களுக்கு உரிமை வந்தது. அதே ஆண்டு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தார். அடுத்த ஆண்டு வியன்னாவின் யூதர்களுக்குப் பள்ளிகளையும் தொழில்களையும் திறந்துவிட்டார். 1784இல் பெரிய பொது மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். ஆடம்பரம் அவருக்குப் பிடிக்காது. வேறு பெயரில் ஊர் ஊராகப் போய் மக்களின் நிலையை நேரில் பார்த்தவர் அவர்.

அவருடைய ஆணைகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பாருங்கள். 1784இல் சவ அடக்கத்துக்குப் புது விதி வந்தது. உடலைத் துணிப்பையில் வைத்துத் தைக்க வேண்டும். ஊருக்குப் பொதுவான சவப்பெட்டியில் எடுத்துப்போக வேண்டும். பெட்டியின் அடிப்பலகை திறந்து உடல் குழிக்குள் இறங்கும், மேலே சுண்ணாம்பு போடுவார்கள், பெட்டி அடுத்த சாவுக்குத் திரும்பிவிடும். மரம் மிச்சம், சுகாதாரத்துக்கும் நல்லது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால், தாயைப் புதைக்கப் போகும் பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று ஆணை போடுமுன் யாரையும் கேட்கவில்லை. மக்கள் கொதித்தார்கள். 1785இல் அந்த விதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஹங்கேரியில் அவர் முடிசூட்டிக்கொள்ளவே இல்லை. முடிசூட்டினால் அந்நாட்டுச் சட்டங்களை மதிப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பதே காரணம். அங்கே நிர்வாகத்தில் லத்தீனை அகற்றி ஜெர்மன் மொழியைப் புகுத்தினார். எதிர்ப்பு வளர்ந்தது. இன்றைய பெல்ஜியப் பகுதியில் 1789இல் கிளர்ச்சி வெடித்தது. மரணப் படுக்கையில் இருந்தபோது ஹங்கேரிக்கான சீர்திருத்தங்களில் பெரும்பாலானவற்றைத் தாமே ரத்து செய்தார். குடியானவர் சுமையைக் குறைக்கக் கொண்டுவந்த நிலவரிச் சட்டத்தை, அடுத்து வந்த தம்பி லியோபோல்டு விலக்கிவிட்டார். ஜோசப்பின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. தடுக்கும் உரிமை உள்ள ஒருவரும் அருகில் இல்லாததுதான் அவரைக் கெடுத்தது.

இந்தக் கேடு முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சீனா சாட்சி. 1959இல் லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது, விளைச்சல் கணக்குகள் ஊதிக் காட்டப்படுவதையும் அதனால் வரும் கேட்டையும் குறிப்பிட்டுப் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெகுவாய் மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி பறிபோனது. அதன்பின் வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்? பொய்க் கணக்கின்படியே தானியக் கொள்முதல் தொடர்ந்தது. பஞ்சம் வந்தது. அதில் மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என்று மதிப்பீடுகள் உள்ளன. சுதந்திரமான பத்திரிகைகளும் முறையான தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் காட்டியது இதனால்தான்.

அறிகுறிகளைக் கவனிக்க மகனுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆள்பவர் சிரித்துப் பேசுகிறாரா, எளிமையாக உடுத்துகிறாரா என்பதில் ஒன்றுமில்லை. அவரிடம் 'இது தவறு' என்று சொன்ன அதிகாரி மறுநாளும் அதே நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெளிவரும் புள்ளிவிவரம் எல்லாமே நல்ல செய்தியாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அவருக்குப் பின் யார் என்று வெளிப்படையாகப் பேச முடிகிறதா என்பதும் முக்கியம். அதே சமயம், உறுதியாக முடிவெடுக்கும் தலைவர் எல்லாரும் சர்வாதிகாரி அல்லர். தேர்தலும் நீதிமன்றமும் அவரைக் கட்டுப்படுத்தும்வரை கலங்கத் தேவையில்லை.

வீட்டுப் பேச்சில் இரண்டு வாதங்கள் தவறாமல் வரும். ஒன்று, 'எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது' என்பது. அதே எமர்ஜென்சி காலத்தில், 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, அவற்றில் கட்டாயத்தால் நடந்தவை ஏராளம். அதைப் பத்திரிகைகள் எழுத முடியவில்லை. இரண்டாவது, 'லீ குவான் யூ மாதிரி ஒருவர் வேண்டும்' என்பது. சிங்கப்பூரை லீ தேர்தலைச் சந்தித்தே ஆண்டார். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஊழல் தடுப்புப் புலனாய்வு அமைப்பு, 1952இல், அதாவது அவர் பதவிக்கு வருமுன்பே உருவானது. சியா தை போ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் விசாரணையே இல்லாமல் 1966 முதல் 1989 வரை அடைத்து வைக்கப்பட்டதும் அந்த ஆட்சியில்தான்.

அப்படியானால் முழு அதிகாரம் கையில் உள்ள நல்லவர் என்ன செய்ய வேண்டும்? பூட்டானின் நான்காம் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் செய்ததைச் செய்ய வேண்டும். 1998இல் நிர்வாகப் பொறுப்பை அமைச்சரவையிடம் கொடுத்தார். 2006இல் முடிதுறந்தார். 2008இல் தேர்தலும் அரசியலமைப்பும் வந்தன. அரசருக்கு 65 வயதில் ஓய்வு, அவரை நீக்கவும் வழி உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. மக்களில் பலர் வேண்டாம் என்று தயங்கியபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஆனால் அதே அரசரின் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், நேபாளி பேசும் குடிமக்கள் சுமார் ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறி நேபாள முகாம்களில் தங்க நேர்ந்தது. அரசரின் அன்பு யாருக்கு என்பதையும் அரசரே தீர்மானித்தார். விடுபட்டவர்கள் முறையிட அந்நாட்டில் இடம் இருக்கவில்லை.

இவ்வளவும் கேட்டபின் மகன், 'அப்போ ஒரு பட்டா மாற்றத்துக்கு எத்தனை நாள்தான் அலையறது?' என்பான். நியாயமான கேள்வி. அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மனு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது, காரணம் என்ன என்று மூன்றே கேள்விகளை அவனையே எழுதச் சொல்லுங்கள். கட்டணம் 10 ரூபாய். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குப் பிறகும் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. அனுப்பும் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.